நாலுக்கு ஒன்று

நாலு கோப்பை தண்ணீருக்கு ஒரு கோப்பை வெள்ளைச் சர்க்கரை. கரையும்வரை கலக்கி, அடுப்பில் வைத்திருந்தால் ஆறவிட்டு, சிவப்பு மூடியும் சின்னத் துளைகளும் உள்ள புட்டியில் ஊற்றிக் கொல்லைப்புறத்தில் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. தேன் கூடாது, கரைசலில் பூஞ்சை சீக்கிரம் பிடித்துவிடும். வெல்லம், நாட்டுச் சர்க்கரை வேண்டாம். அவற்றிலுள்ள இரும்பு குடிக்க வரும் பறவைக்கு ஆகாது என்கிறார்கள். கடையில் விற்கும் சிவப்புச் சாயமும் வேண்டியதில்லை. மூடியின் சிவப்பே அழைத்துவிடும். வட அமெரிக்காவில் கோடை நெடுக வீட்டுக்கு வீடு நடக்கிற சமையல் இது. அங்கே குடியேறிய நம்மூர்க்காரர்கள் சிலரும், குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய கறிவேப்பிலைத் தொட்டியை மே மாதம் வெளியே எடுத்து வைக்கும்போது பக்கத்தில் ஃபீடர் எனப்படும் இந்தப் புட்டி ஒன்றையும் மாட்டிவிடுகிறார்கள்.

வரப்போகிற விருந்தாளி ஹம்மிங்பேர்ட் எனப்படும் ரீங்காரச்சிட்டு. நம் தோட்டத்துச் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் பூந்தேன் குடிக்கும், இரண்டுக்கும் நீண்ட அலகு, மின்னும் இறகு. உறவு மட்டும் கிடையாது. தேன்சிட்டு குருவி, மைனாவின் வகையறா. ரீங்காரச்சிட்டுக்கு நெருங்கிய சொந்தம் உழவாரன். அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி இயற்கையில் இது எங்குமே இல்லை. முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவை தென்னமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழ்கின்றன. வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் கூடு கட்டுவது ஒரே ஓர் இனம்தான்: ஆணின் தொண்டை மாணிக்கச் சிவப்பில் பளபளக்கும் ரூபித்தொண்டை ரீங்காரச்சிட்டு. எடை சுமார் 3 கிராம், ஒரு ரூபாய் நாணயம் அளவு. சிறகடிப்பு விநாடிக்கு ஐம்பது தடவைக்கு மேல்.

காட்டில் இந்தப் பறவையை ஆராய்வது பெரும்பாடு. ஒரு பூவின் முன் இரண்டு விநாடி நிற்கும், அடுத்த கணம் ஆளைக் காணோம். எங்கே வரும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஒன்றும் சொல்ல முடியாது. ஃபீடரின் முன் எல்லாமே முன்கூட்டியே தெரியும். குறித்த துளைக்குள் அலகை விட்டு, காற்றில் அசையாமல் நின்று, நிதானமாகக் குடிக்கும். பொழுதுபோக்குச் சாமானாகக் கொல்லையில் தொங்கியதை ஆய்வாளர்கள் கருவியாக்கிக்கொண்டது இதனால்தான். இந்தப் பறவையின் உடலைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு, சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்து விலைக்கு வாங்கிய அறிவு.

மூச்சிலிருந்து தொடங்கலாம். 1986இல் கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் பார்த்தலோமியூவும் ஜான் லைட்டனும் ஃபீடரின் துளையைச் சுற்றி ஒரு சிறு குழாய் முகமூடியைப் பொருத்தினார்கள். குடிக்க வரும் பறவை தலையை அதற்குள் நுழைத்தாக வேண்டும். அது விடும் மூச்சுக்காற்று குழாய் வழியே உறிஞ்சப்பட்டுக் கருவிக்குப் போகும். கூண்டு இல்லை, வலை இல்லை. வந்து குடித்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போன பறவையின் ஆக்சிஜன் செலவு கணக்கில் ஏறிவிட்டது. அந்தரத்தில் நிற்கும் ரீங்காரச்சிட்டின் தசைகள் எரிக்கும் ஆற்றல், எடைக்கு எடை பார்த்தால், முதுகெலும்புள்ள பிராணிகளிலேயே உச்சத்தில் இருப்பது. இனத்தைப் பொறுத்து, இதயம் நிமிடத்துக்கு 1,200 முறைகூடத் துடிக்கும்.

இவ்வளவு எரிபொருள் எங்கிருந்து வருகிறது? மனித ஓட்டக்காரர் பந்தயத்தின் நடுவே குளுக்கோஸ் குடித்தாலும், அந்த நேரத்தில் அவர் தசை எரிப்பதில் குடித்த சர்க்கரையின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டுவதில்லை. மீதியெல்லாம் முன்பே சேமித்த கொழுப்பும் கிளைக்கோஜனும். ரீங்காரச்சிட்டும் அப்படித்தானா என்று அறிய கென்னத் வெல்ச், ரால் சுவாரெஸ் குழுவினர் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் தந்திரங்களில் ஒன்று. அவர்களுக்குத் தேவைப்பட்டது இரண்டு வகைச் சர்க்கரை: பீட் கிழங்குச் சர்க்கரையும் கரும்புச் சர்க்கரையும்.

வேதியியல்படி இரண்டும் ஒன்றே, சுக்ரோஸ். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் நெல்லும் கோதுமையும் பீட்டும் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று. கரும்பும் சோளமும் எடுத்துக்கொள்ளும் முறை வேறு. கரியிலேயே சற்றுக் கனமான ஒரு வகை உண்டு, கார்பன்-13 என்று பெயர். பீட் அதைச் சற்று ஒதுக்கும். கரும்பு அவ்வளவு ஒதுக்காது. ஆகவே கரும்புச் சர்க்கரையின் ஒவ்வொரு சிட்டிகையிலும் கனமான கரி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சர்க்கரை எரிந்து கரியமிலவாயுவாக மூச்சில் வெளிவந்த பிறகும் அந்த அடையாளம் அழியாது.

பறவைகளுக்கு முதலில் பீட் சர்க்கரை மட்டுமே கொடுத்தார்கள். அவற்றின் கொழுப்பெல்லாம் பீட் கரியால் ஆனது. இரவு முழுக்கப் பட்டினி. காலையில் முதல் தடவை ஃபீடருக்கு வரும்போது மூச்சில் வந்தது பீட் கரி, அதாவது கொழுப்பு எரிந்துகொண்டிருந்தது. இப்போது ஃபீடரில் இருப்பதோ கரும்புச் சர்க்கரை. பறவை குடிக்கிறது, கிளையில் உட்காருகிறது, மறுபடி வந்து முகமூடிக்குள் தலையை விடுகிறது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூச்சில் வருவது ஏறக்குறைய முழுதும் கரும்பு. சற்று முன் குடித்த சர்க்கரை குடலில் உடைந்து, இரத்தத்தில் ஏறி, மார்புத் தசைக்குள் போய் எரிந்து முடிந்திருக்கிறது. சேமித்துவைத்துச் செலவழிக்கிற பழக்கமே பகலில் கிடையாது. பூவிலிருந்து வாங்கியதை அந்தப் பூவின் முன் நிற்பதற்கே செலவு செய்கிற வாழ்க்கை. கொழுப்பு, இரவுக்கும் வலசைக்கும் மட்டும். குளிர் அதிகமான இரவுகளில் அதுவும் தாங்காது என்று பட்டால் உடல் வெப்பத்தையே இறக்கிவிட்டு ஒருவகை மயக்கநிலைக்குப் போய்விடும். விடியும்போது உடலைச் சூடேற்றிக்கொண்டு எழும்.

நிற்பதற்கு ஏன் இவ்வளவு செலவாகிறது என்பதற்கும் ஃபீடரே விடை சொன்னது. 2005இல் டக்ளஸ் வாரிக்கும் சக ஆய்வாளர்களும் சர்க்கரைத் தண்ணீர் நிரப்பிய ஊசிக்குழாயின் முன் ரூஃபஸ் ரீங்காரச்சிட்டுகளை நிற்கப் பழக்கினார்கள். அந்த இடத்துக் காற்றில் ஆலிவ் எண்ணெயைப் புகைபோல் தூவி, லேசர் ஒளியில் படமெடுத்தார்கள். எண்ணெய்த் துளிகள் நகரும் போக்கில் சிறகு கிளப்பிய காற்றுச் சுழல்கள் தெரிந்தன. பறவைகள் பொதுவாகச் சிறகைக் கீழே அடிக்கும்போதுதான் எடையைத் தாங்குகின்றன. பூச்சிகள் கீழடி, மேலடி இரண்டிலும் ஏறக்குறையச் சமமாகத் தாங்கும். ரீங்காரச்சிட்டு முக்கால்வாசி எடையைக் கீழடியிலும் கால்வாசியை மேலடியிலும் தாங்குகிறது. பறவையின் எலும்பைக் கொண்டு பூச்சியின் வித்தையில் பாதிவழி வந்திருக்கிறது என்று சொல்லலாம்.

சரி, எரிப்பதற்கு ஈடாகக் குடிக்கவும் வேண்டுமே. ஒரு நாளில் தன் உடல் எடைக்கு மேலேயே பூந்தேன் குடிக்கும் பறவை இது. நாக்கில் இரண்டு பள்ளங்கள் உண்டு; நுண்குழாயில் தண்ணீர் தானாக ஏறுவதுபோல அவற்றில் தேன் ஏறுகிறது என்று 1833இல் யாரோ எழுதியதை, நூற்றெழுபது ஆண்டுக்கு மேல் எல்லோரும் திருப்பி எழுதினார்கள். நியாயமாகத்தான் பட்டது, யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. கொலம்பியாவைச் சேர்ந்த அலெஹாந்திரோ ரிக்கோ-கெவாராவும் மார்கரெட் ரூபேகாவும் கண்ணாடிபோல் தெளிவான சிறு ஃபீடர்களைச் செய்து, அதிவேகக் கேமராவை வைத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளியான முடிவு: நாக்கின் பிளவுபட்ட நுனிகளில் உள்ள மெல்லிய ஓரங்கள் தேனுக்குள் விரிகின்றன, வெளியே இழுக்கும்போது சுருண்டு தேனைச் சிறைபிடிக்கின்றன. 2015இல் பதினெட்டு இனங்களைப் படமெடுத்து மேலும் ஒன்றைக் காட்டினார்கள். அலகு நாக்கைத் தட்டையாக நசுக்கி வெளியே விடுகிறது. தேனைத் தொட்டதும் பள்ளங்கள் பழைய வடிவத்துக்கு விரிந்து தேனை உள்ளே இழுக்கின்றன. விநாடிக்குப் பத்துப் பதினைந்து முறை நடக்கிற இந்த வேலை, நுண்குழாயில் மெல்ல ஏறுகிற திரவத்தால் ஆகக்கூடியதே அல்ல.

இதைவிட விசித்திரமானது சுவை. நம் நாக்கில் இனிப்பை அறியும் ஏற்பி இரண்டு புரதங்கள் சேர்ந்தது. கோழியின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது அந்த இரண்டில் ஒன்றுக்கான மரபணுவையே காணவில்லை. மற்றப் பறவைகளிலும் அப்படியே. பறவைகளின் மூதாதை இனிப்பைத் தொலைத்துவிட்டது. பிறகு ரீங்காரச்சிட்டு எதைக் கொண்டு தேனை ருசிக்கிறது? மாட் பால்ட்வினும் ஸ்டீபன் லிபர்லஸும் சகாக்களும் 2014இல் சொன்ன பதில்: இறைச்சியின் ருசியை அறிய வேண்டிய ஏற்பி, இந்தப் பறவையில் உருமாறி இனிப்பை அறியக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்து முடிவைச் சரிபார்க்க அவர்கள் மறுபடியும் ஃபீடருக்கே போனார்கள். சர்க்கரைத் தண்ணீரைப் பறவைகள் ஆசையாகக் குடித்தன. டயட் பானங்களில் போடும் அஸ்பார்ட்டேம் கரைசலை நாலைந்து நக்கலிலேயே துப்பிவிட்டு நகர்ந்தன; அவற்றுக்கு அது வெறும் தண்ணீர். தேன்சிட்டு சேர்ந்திருக்கும் பாடும் பறவைகளின் குலமும் அதே ஏற்பியைத் தனியாக, வேறு மாற்றங்கள் மூலம், இனிப்புக்குத் திருப்பிக்கொண்டது என்று 2021இல் தெரியவந்தது. தொலைத்த ஒன்றை இரண்டு குலங்கள் இரண்டு இடங்களில் தாமாகவே மீண்டும் உண்டாக்கிக்கொண்டன.

கண்ணையும் இப்படியே சோதித்தார்கள். கொலராடோ மலைகளில் கோத்திக் என்ற ஊரிலுள்ள ஆய்வு நிலையத்தில் மேரி காஸ்வெல் ஸ்டாடர்டின் குழு மூன்று கோடைகள் இரண்டு ஃபீடர்களை வைத்துக் காத்திருந்தது. ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். பக்கத்திலே ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ண விளக்கு. ஒன்று பச்சை, இன்னொன்று பச்சையோடு புற ஊதா கலந்தது. மனிதர்களுக்கு இரண்டும் ஒரே பச்சை. அகல்வால் ரீங்காரச்சிட்டுகளோ எந்த விளக்கடியில் சர்க்கரை என்பதைக் கற்றுக்கொண்டன. ஃபீடர்களை இடம் மாற்றினாலும் விளக்கைப் பின்தொடர்ந்தன. நமக்குப் பெயரே இல்லாத நிறங்கள் அவற்றுக்கு இருக்கின்றன. கனடாவின் ராக்கி மலைகளில் நடந்த வேறொரு சோதனையில் எட்டுச் செயற்கைப் பூக்களை வைத்தார்கள். நாலு பூ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிரம்பும், நாலு பூ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை. ரூஃபஸ் ஆண்கள் எந்தப் பூவுக்கு எப்போது திரும்ப வரவேண்டும் என்று தனித்தனியாக நினைவில் வைத்திருந்தன. உங்கள் கொல்லையில் ஃபீடரைக் கழுவ உள்ளே எடுத்துப்போன நேரத்தில் ஒரு சிட்டு வந்து, அது தொங்கிய வெற்றிடத்தின் முன் நின்று பார்த்துவிட்டுப் போகிறதென்றால் காரணம் இதுதான்.

ஜூலை கொல்லையில் இத்தனை நுட்பமும் சண்டையாகத்தான் வெளிப்படும். ஒரு ஆண் பக்கத்துக் கிளையைப் பிடித்துக்கொண்டு, தான் குடிக்கும் நேரத்தைவிட மற்றவர்களை விரட்டும் நேரமே அதிகம் என்று உட்கார்ந்திருக்கும். பூக்காட்டில் இதற்கு அர்த்தம் உண்டு. பூவில் தேன் ஊறுவது மெதுவாக. காவல் காத்தால் லாபம். வற்றாத புட்டியைக் காவல் காப்பதில் என்ன லாபம் என்று பறவையிடம் கேட்க முடியாது. ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி வீட்டின் இரண்டு பக்கமும் இரண்டு ஃபீடர் மாட்டினால் சண்டை குறையும். பெண் பறவைக்கு இந்தச் சண்டையில் ஈடுபட நேரமில்லை. சிலந்தி நூலால் கூட்டைப் பிணைத்து, மரப்பாசியை மேலே ஒட்டி, இரண்டு முட்டை அடைகாத்து, குஞ்சுகளை வளர்ப்பதுவரை எல்லாம் அவள் ஒருத்தியே. குஞ்சுகளுக்குச் சர்க்கரை மட்டும் போதாது. கொசு, ஈ, சிறு சிலந்தி என்று புரதம் வேண்டும். ஃபீடரை மாட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பவர்கள் யாருக்கு விருந்து வைக்கிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை.

ஃபீடரில் ஆபத்தும் உண்டு. கும்பிடுபூச்சி ஒன்று மூடியின் அடியில் ஒளிந்திருந்து சிட்டின் கழுத்தைப் பிடித்துவிடும். கேட்டால் கட்டுக்கதைபோல் இருக்கும். 2017இல் வெளியான ஒரு தொகுப்பு, கும்பிடுபூச்சி சிறு பறவைகளைப் பிடித்த 147 நிகழ்ச்சிகளைப் பதின்மூன்று நாடுகளிலிருந்து திரட்டியது. பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை, பிடிபட்டவற்றில் ரீங்காரச்சிட்டுகளே அதிகம், பல ஃபீடர்களிலேயே நடந்தவை.

வெயில் இன்னொரு தொல்லை. வெப்பத்தில் சர்க்கரைத் தண்ணீர் கலங்கும், நுரைக்கும், புளிக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை, கடும் வெயிலில் தினமுமே மாற்றிவிட வேண்டும். புளித்ததைக் குடித்தால் போதை ஏறாதா என்ற கேள்வியை பெர்க்லியில் ராபர்ட் டட்லியின் குழு சோதித்தது. 2023இல் முடிவு வந்தது. ஒரு சதவீதம் சாராயம் கலந்த சர்க்கரைத் தண்ணீரைப் பறவைகள் வித்தியாசமின்றிக் குடித்தன. இரண்டு சதவீதமானால் பாதியளவுதான் தொட்டன. வெயிலில் விட்ட ஃபீடரில் உண்மையில் ஊறும் சாராயமோ இதைவிட மிகமிகக் குறைவு. குடிகாரச் சிட்டுகளைப் பற்றிய கதைகளை இனி நிறுத்திக்கொள்ளலாம்.

ஜூலைக் கடைசியிலேயே ஆண்கள் தெற்கே கிளம்பத் தொடங்கிவிடும். பெண்களும் இளம்பறவைகளும் பின்னால். கிளம்புமுன் உடல் எடை இரண்டு மடங்கை நெருங்கும்வரை கொழுக்கும். பல பறவைகள் மெக்சிகோ வளைகுடாவின் மேல் சுமார் 800 கிலோமீட்டர் நிற்காமல் பறக்கும். ஃபீடரை எடுக்காவிட்டால் பறவைகள் சோம்பேறியாகி இங்கேயே தங்கிவிடும் என்று ஆகஸ்டிலேயே கழற்றிவைக்கிற வழக்கம் உண்டு. தேவையில்லை. கிளம்பச் சொல்வது பகல் குறைவது; புட்டி நிறைந்திருப்பது அல்ல.

ஆனால் புட்டி எதையும் மாற்றவில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. மேற்குக் கடற்கரையில் அன்னா ரீங்காரச்சிட்டு என்ற இனம் உண்டு. வலசை போகும் வழக்கம் அதிகம் இல்லாதது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவையும் அதை அடுத்த மெக்சிகோப் பகுதியையும் பெரிதாகத் தாண்டியதில்லை. இன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பனிக்காலத்திலும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட யூகலிப்டஸ் மரங்கள் குளிர்காலத்தில் பூத்துத் தேன் கொடுத்தன. வீடுகளில் ஃபீடர்கள் பெருகின. நிகோலஸ் அலெக்சாந்திரும் சகாக்களும் 2025இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகங்களில் நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்த பறவை உடல்களின் அலகுகளை அளந்திருக்கிறார்கள். ஃபீடர்கள் எங்கே, எப்போது பெருகின என்று கண்டுபிடிக்கப் பழைய செய்தித்தாள்களில் வந்த ஃபீடர் விளம்பரங்களைத் தேடியெடுத்தார்கள், சாமர்த்தியமான வேலை. அலகு நீண்டிருக்கிறது, கூர்மையாகச் சிறுத்திருக்கிறது. ஒரே இடத்தில் நிறையத் தேன் கிடைக்கும்போது நீளமான அலகால் ஒரு மடக்கில் அதிகம் எடுக்கலாம். கூரான அலகு ஃபீடர் சண்டையில் ஆணுக்கு ஆயுதம். குளிரான வடக்கிலோ அலகு சிறிதாகியிருக்கிறது, வெப்பம் வெளியேறாமலிருக்க. சில தலைமுறைகளிலேயே நடந்த மாற்றம் இது. இதைத் தீங்கு என்று சொல்ல எனக்கு ஆதாரம் தெரியவில்லை; இன்னொரு உயிரின் உடலை நாம் சமையலறைச் சர்க்கரையால் வடிவமைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு செய்வது நல்லது.

கிழக்கிலும் ஒரு புதிர் ஓடிக்கொண்டிருக்கிறது. ரூபித்தொண்டைகள் எல்லாம் போனபின்னும் சிலர் அக்டோபர், நவம்பர்வரை ஃபீடரை விட்டுவைப்பார்கள். தெற்கு மாநிலங்களான லூசியானாவிலும் ஃபுளோரிடாவிலும் அப்படி விட்ட ஃபீடர்களுக்கு, மேற்கு மலைகளில் கூடு கட்டி மெக்சிகோவில் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டிய ரூஃபஸ் சிட்டுகள் வரலாயின. வழி தவறியவை, பனியில் சாகப்போகிறவை என்றுதான் முதலில் நினைத்தார்கள். கால்வளையம் மாட்டத் தொடங்கியபின், அதே பறவை அடுத்த ஆண்டும் அதே கொல்லைக்குத் திரும்புவது தெரிந்தது. 2010 ஜனவரியில் ஃபுளோரிடாவின் டல்லஹசியில் வளையம் மாட்டிய ஒரு பெண் ரூஃபஸ், அதே ஆண்டு ஜூனில் அலாஸ்காவின் செனிகா பே கிராமத்தில் மறுபடி பிடிபட்டது. நேர்கோட்டில் அளந்தாலே 5,600 கிலோமீட்டருக்கு மேல். அது வழி தவறிய பறவையின் பயணமாகத் தெரியவில்லை. தென்கிழக்கில் குளிர்காலத்தைக் கழிக்கும் ரூஃபஸ்கள் முன்பும் இருந்தும் கவனிக்கப்படாமல் போயினவா, அல்லது ஃபீடர்களும் மிதமாகிவரும் குளிர்காலமும் அப்படி ஒரு கூட்டத்தையே உண்டாக்கிவிட்டனவா என்று வளையம் மாட்டுகிறவர்கள் இன்னமும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் சிலர் நாலுக்கு ஒன்று கலந்து புட்டியை நிரப்பி வைப்பதால்தான் அந்த விவாதத்துக்குப் புதிய தகவல் கிடைக்கிறது.